பதினான்காவது பழுது

துளசிங்கம் தம் ஐம்பத்தாறு வயதுக்குள் செய்த ஒரே குற்றம், புகார் கொடுத்தது. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, அடுத்த வீட்டு விவகாரத்தில் மூக்கை நுழைத்தது கிடையாது. அப்படிப்பட்ட மனிதர் ஒரு வெள்ளிக்கிழமை காலை போனை எடுத்து, "எங்க கம்ப்யூட்டர்ல விலை ஓட மாட்டேங்குதுங்க" என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் நடந்ததற்கெல்லாம் அவரேதான் பொறுப்பு என்று சர்வலாபம் பங்கு வர்த்தக நிறுவனத்தின் ஆவணங்கள் சொல்கின்றன. ஆவணத்தோடு சண்டை போட்டு ஜெயித்தவர் யாரும் இல்லாததால் நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

சர்வலாபத்தின் திருத்தணிக் கிளை என்பது ஒரே ஒரு அறை. பஸ் நிலையத்திலிருந்து மலைக்குப் போகிற சாலையில், ஹயாத் பாஷாவின் டூவீலர் ஒர்க்‌ஷாப்புக்கு மேல் மாடி. ஒரு கணினி, ஒரு மேசை, ஒரு நாற்காலி, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. சுவரில் நிறுவனத் தலைவரின் படமும் முருகன் படமும் ஒரே உயரத்தில் மாட்டியிருந்தன. யாரை மேலே மாட்டுவது என்று முடிவு செய்ய முடியாமல் துளசிங்கம் அளவெடுத்து ஆணி அடித்திருந்தார். பதினொரு வருடமாகக் கிளையின் மேலாளர், குமாஸ்தா, பெருக்குகிற ஆள் எல்லாம் அவர்தான்.

அதற்கு முன்னால் ஆர்.கே.பேட்டையில் ஒரு நெசவாளர் சங்கத்தில் கணக்கு எழுதினார். அந்தச் சங்கம் ஒரு நாள் பூட்டப்பட்டது. பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றது இன்னும் அவருக்குக் கனவில் வரும். அதனால் இந்த மாடி அறையின் நாற்காலிமேல் அவருக்கு ஒரு பயம் கலந்த பாசம் இருந்தது. இதுவும் போனால் இந்த வயதில் இன்னொரு நாற்காலியை எவனும் இழுத்துப் போடமாட்டான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

கிளையின் உயிர் 'தர்ஷன் புரோ' என்கிற மென்பொருள். காலை ஒன்பதேகாலுக்குச் சந்தை திறந்ததும் நாட்டிலுள்ள பங்குகளின் விலையெல்லாம் அதில் பச்சையும் சிவப்புமாக ஓடத் தொடங்கும். பள்ளிப்பட்டிலிருந்தும் கே.ஜி.கண்டிகையிலிருந்தும் வாங்க விற்க வருகிறவர்கள் உண்டு. சும்மா பார்த்துவிட்டுப் போக வருகிறவர்களும் உண்டு.

ஆயுத பூசையன்று துளசிங்கம் கணினியின் கம்பிகளையெல்லாம் பிடுங்கி, துணி வைத்துத் துடைத்து, பொட்டு வைத்தார். திரைக்கு ஒரு பொட்டு, விசைப்பலகைக்கு ஒரு பொட்டு, பெட்டிக்கு ஒரு பொட்டு. கடைசியாகப் பெட்டியின் முதுகைத் திருப்பினார். அங்கே இன்டர்நெட் கம்பி சொருகுகிற சின்னப் பொந்து இருந்தது. உலகத்து விலையெல்லாம் இந்தப் பொந்து வழியாகத்தானே நம்மிடம் வருகிறது என்று நினைத்ததும் அவருக்கு மனசு இளகிவிட்டது. இவ்வளவு பெரிய வாசலுக்கு வெளியில் ஒரு பொட்டு வைத்தால் போதுமா? நல்ல உருண்டையாகச் சந்தனத்தை எடுத்து உள்ளேயே அப்பினார். நடுவில் ஒரு துளி குங்குமம். பிறகு கம்பியைச் சொருகி, கற்பூரம் காட்டி, கதவைப் பூட்டிக்கொண்டு போனார். மறுநாள் விடுமுறை. சந்தனம் நிம்மதியாகக் காய்ந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பதினேழுக்கு எல்லா விலையும் நின்றுவிட்டது.

நின்றதில் முதலில் சந்தோஷப்பட்டவர் விஜயன். தபால் ஆபீஸில் ஓய்வு பெற்றவர், தினமும் பெஞ்சில் வந்து உட்காருவார். அவரிடம் ஒரே ஒரு சிமென்ட் கம்பெனியின் பங்கு இருந்தது. அது இறங்குகிற ஒவ்வொரு பைசாவுக்கும் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறும். பதினோரு மணி வரை திரையைப் பார்த்துவிட்டு, "நைனா, இன்னைக்குத்தான் இந்தக் கம்பெனிக்காரனுக்கு மானம் ரோஷம் வந்துகினு இருக்குது. ஒரு பைசா எறங்கலபா" என்றார்.

"ஏறவும் இல்லீங்களே" என்றார் துளசிங்கம்.

"ஏற வேணாம்பா. நின்னா போதும்."

துளசிங்கத்துக்குச் சந்தேகம் வந்தது. உதவி மையத்துக்குப் போன் செய்தார். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு குரல் இருபது நிமிடம் சொன்னது. முக்கியமில்லாத அழைப்பை எவ்வளவு நேரத்தில் எடுப்பார்கள் என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது பிரேம்குமார் என்ற இளைஞன் எடுத்தான். மிகவும் மரியாதையான பையன். புகார் எண்ணை எழுதிக்கொள்ளச் சொன்னான். பதினேழு இலக்கம். பிறகு கையேட்டைத் திறந்தான்.

"சார், கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

பண்ணினார். விலை ஓடவில்லை.

"இப்போ மறுபடி பண்ணுங்க சார். மூணு தடவை பண்ணணும்னு இருக்கு."

மூன்று முறையும் பண்ணினார். தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னான். சரியாக இருந்தது. பழைய தற்காலிகக் கோப்புகளை அழிக்கச் சொன்னான். அழித்தார். பழைய பதிப்பாக இருக்கலாம், புதுப் பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள் என்றான்.

"இன்டர்நெட்டே வர்லீங்களே, எது வழியா எறக்கறது?"

"இன்டர்நெட் வராததைச் சரி பண்றதுக்கும் எங்ககிட்ட ஒரு சாஃப்ட்வேர் இருக்கு சார். அதையும் இன்டர்நெட்லேர்ந்து இறக்கிக்கலாம்."

கடைசியில் திரையைப் படம் எடுத்து அவருடைய போனிலிருந்து அனுப்பச் சொன்னான். துளசிங்கம் அனுப்பினார். சனிக்கிழமை பதில் வந்தது. 'தங்கள் படத்தை எங்கள் நிபுணர் குழு ஆராய்ந்தது. படத்தில் விலைகள் நகரவில்லை என்பது உண்மையே. ஆனால் படம் என்பது நகராது. ஆகவே இதைக் கொண்டு முடிவுக்கு வர இயலவில்லை. வீடியோ அனுப்பவும்.'

சந்தை நடந்த வெள்ளிக்கிழமையே எடுத்து வைத்திருந்த வீடியோவை அனுப்பினார். அதற்கு ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தது. 'முப்பது விநாடியும் விலை நகரவில்லை. அந்த முப்பது விநாடியில் நாட்டில் யாரும் எதையும் வாங்காமலும் விற்காமலும் இருந்திருக்க வாய்ப்புண்டு. விசாரித்துச் சொல்கிறோம்.'

திங்கட்கிழமை காலை, புகார் நிலுவையிலுள்ள கிளைகளை எல்லாம் கூட்டி நிறுவனம் போன் வழியாக ஒரு காணொலிக் கூட்டம் நடத்தியது. அதற்குத் 'தீர்வுத் திருநாள்' என்று பெயர். பேசியவர் தலைமைத் தீர்வு அதிகாரி ராஜமாணிக்கம். அவர் தலைக்குப் பின்னால் ஒரு பெரிய வரைபடம் மாட்டியிருந்தது. அதில் ஒரு கோடு மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"நண்பர்களே, நான் இந்தப் பொறுப்புக்கு வரும்போது நம்ம நிறுவனம் ஒரு பெரிய தப்பு பண்ணிட்டிருந்தது. புகார் வந்தா, போய் சரி பண்ணிட்டிருந்தாங்க. விளைவு என்ன? சரி பண்றாங்கன்னு கேள்விப்பட்டு இன்னும் நாலு பேர் புகார் கொடுத்தாங்க. நான் வந்ததும் முதல் வேலையா அதை நிறுத்தினேன். இன்னைக்கு புகார் எண்ணிக்கை பாதிதான்." அவர் கோட்டைக் காட்டினார். "ஒண்ணு புரிஞ்சுக்கணும். பழுதுங்கிறது உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற விஷயம். புகார்ங்கிறது என் கம்ப்யூட்டர்ல இருக்கிற விஷயம். என் கம்ப்யூட்டரைச் சுத்தமா வச்சுக்கத்தான் எனக்குச் சம்பளம்."

எல்லாரும் கைதட்டினார்கள். துளசிங்கமும் தட்டினார். எல்லாரும் தட்டும்போது தட்டாமல் இருந்தால் திரையில் தம்முடைய கட்டம் மட்டும் தனியாகத் தெரியுமே என்ற கவலை.

"பத்து நாளைக்கு மேல புகார் மூடப்படாத கிளையை நாங்க நோயுற்ற கிளைன்னு சொல்றோம். நோயுற்ற கிளையை நாங்க கைவிட மாட்டோம். பக்கத்துக் கிளையோட சேர்த்துடுவோம். சேர்த்துட்டா அந்தக் கிளை இருக்காது. கிளையே இல்லாத இடத்துல புகார் எப்படி இருக்கும்? இதைவிட முழுமையான தீர்வு உலகத்துல எந்த நிறுவனத்துலயும் கிடையாது."

திருத்தணிக்குப் பக்கத்துக் கிளை அரக்கோணம். அங்கே ஏற்கெனவே மூன்று பேர் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான்காம் ஆளுக்கு இடமில்லை என்று எழுதிக் கொடுப்பார்கள். ஆர்.கே.பேட்டைச் சங்கத்தின் பூட்டு துளசிங்கத்தின் கண்முன் வந்து நின்றது. கூட்டம் முடிந்ததும் பிரேம்குமாருக்குப் போன் செய்தார்.

"தம்பி, நான் அந்தப் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்பா. வெல ஓடலன்னாலும் பரவால்ல."

"வாபஸ் வாங்கணும்னா, தெரியாம புகார் கொடுத்துட்டேன்னு தனியா ஒரு புகார் கொடுக்கணும் சார். அதுக்கும் பத்து நாள்தான்."

செவ்வாய்க்கிழமை ஹயாத் பாஷா மேலே வந்தார். துளசிங்கத்தின் முகம் நான்கு நாளாகச் சரியில்லை என்று டீ வாங்கி வந்த கடைப் பையன்கள் பேசிக்கொண்டார்களாம். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பெட்டியின் பின்பக்கம் குனிந்தார். கம்பியைப் பிடுங்கினார். மோந்து பார்த்தார்.

"அண்ணா, இன்னா இது, சந்தன வாசன வருது?"

துளசிங்கம் விவரத்தைச் சொன்னார்.

"சரி, நீங்க வச்சது தப்புன்னு சொல்லல. சாமி விஷயம். ஆனா பெட்ரோல் வர்ற டியூப்ல மஞ்சா அப்பி வச்சா வண்டி ஓடுமா? தூக்குங்க அந்தப் பக்கம்."

இருவரும் பெட்டியைக் கீழே தூக்கிப்போய், சாய்த்து வைத்திருந்த ஒரு ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் கிடத்தினார்கள். பாஷா மெல்லிய ஊசியால் சந்தனத்தைச் சுரண்டினார். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தார். காற்றடிக்கிற பைப்பை வைத்து இரண்டு தடவை ஊதினார். மேலே கொண்டுபோய்க் கம்பியைச் சொருகியதும் விலைகள் கோயில் கதவு திறந்த கூட்டம்போல நெருக்கியடித்துக்கொண்டு ஓடின. மொத்தம் கால் மணி நேரம். விஜயனின் சிமென்ட் கம்பெனி மூன்று நாள் இறக்கத்தையும் ஒரே நொடியில் இறங்கியது.

"நல்லா நின்னுகினு இருந்தத ஏம்பா கெடுத்தீங்க" என்று அவர் எழுந்து போய்விட்டார்.

துளசிங்கம் சந்தோஷத்தோடு உதவி மையத்துக்குப் போன் செய்து, சரியாகிவிட்டது, புகாரை மூடிவிடுங்கள் என்றார். எதிர்முனையில் பிரேம்குமாரின் குரல் முதல்முறையாக மரியாதையைக் கொஞ்சம் இழந்தது.

"யார் சார் சரி பண்ணது?"

"கீழ் கடை பாய்."

"அவருக்கு நம்ம நிறுவனத்துல எஞ்சினியர் எண் இருக்கா?"

"அவரு மெக்கானிக்குங்க."

"அப்போ அது சரியாகல சார். எங்க பக்கத்துல அது இன்னும் ரிப்பேர்லதான் இருக்கு. எங்க எஞ்சினியர் நேர்ல வந்து, பழுதைக் கண்ணால பார்த்து, பழுதுப் பட்டியல்ல இருக்கிற பதினாலு பழுதுல அது எதுன்னு குறிச்சாத்தான் புகார் மூடும். அதுவரைக்கும் தயவுசெஞ்சு அதைச் சரியா இருக்கிற மாதிரி காட்டிக்காதீங்க."

அன்று மதியமே திரைக்குக் குறுக்கே ஒரு சிவப்புப் பட்டை வந்து உட்கார்ந்துகொண்டது. 'இக்கிளையின் கணினி பழுதடைந்துள்ளது. இங்கு காணும் விலைகளை நம்ப வேண்டாம்.' பட்டைக்குப் பின்னால் விலைகள் மிகச் சரியாக ஓடிக்கொண்டிருந்தன. முன்பு விலை நின்றிருந்தபோது நம்பி வந்தவர்கள், இப்போது ஓடும்போது நம்பாமல் போனார்கள். இதற்கு யாரைத் திட்டுவது என்று துளசிங்கத்துக்குத் தெரியவில்லை. திட்டத் தெரிந்த மனிதராக இருந்திருந்தால் அவர் இந்த நிறுவனத்தில் பதினொரு வருடம் இருந்திருக்கவே முடியாது.

எஞ்சினியர் வெள்ளிக்கிழமை வருவார் என்று தகவல் வந்தது. அது எட்டாம் நாள். ஒன்பதும் பத்தும் சனி, ஞாயிறு. சந்தையும் கிடையாது, எஞ்சினியரும் கிடையாது. ஆகவே வெள்ளிக்கிழமைதான் கடைசி. போதாக்குறைக்கு அன்று கிருத்திகை. பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். காவடியும் பால்குடமும் மொட்டைத்தலையுமாகச் சாலை நிறைந்து போயிருந்தது. துளசிங்கம் காலையிலிருந்து மாடிப்படியின் தலைப்பில் நின்று, போகிற வருகிற முகத்தையெல்லாம் எஞ்சினியர் முகமாக இருக்குமோ என்று பார்த்தார்.

ஒரு மணிக்கு, புதிதாக மொட்டையடித்து மண்டை முழுக்கச் சந்தனம் பூசிய ஒரு இளைஞன் படியேறி வந்தான். கழுத்தில் சர்வலாபத்தின் அடையாள அட்டை தொங்கியது. பெயர் உதயா.

"சாரி சார், லேட்டாயிடுச்சு. திருத்தணிக்குத்தானே போற, ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கு, முடிச்சுட்டு வந்துடுன்னு அம்மா சொன்னாங்க. எங்க சார் பழுது?"

துளசிங்கம் திரையைக் காட்டினார். உதயா சிவப்புப் பட்டையைப் பார்த்தான். அதற்குப் பின்னால் ஓடுகிற விலையைப் பார்த்தான். தன் போனில் ஓடுகிற விலையோடு ஒத்துப் பார்த்தான். அவன் முகம் வாடிவிட்டது.

"இது நல்லா ஓடுதே சார்."

"ஆங், ஓடுதுங்க. பாய் சரி பண்ணிட்டாரு."

"நல்லா இருக்கிற மெஷினைச் சரி பண்ண எனக்கு அதிகாரம் இல்ல சார். பழுதை நான் கண்ணால பார்க்கணும்."

"பாக்கலன்னா?"

"பார்க்கலன்னா புகார் திறந்தே இருக்கும். திங்கட்கிழமை கிளையைச் சேர்த்துடுவாங்க." அவன் கடிகாரத்தைப் பார்த்தான். "மூணரைக்குள்ள காட்டணும் சார். மூணரைக்குச் சந்தை மூடிட்டா எல்லா ஊர்லயும் விலை நின்னுடும். அப்புறம் பழுதுல நின்னுதா, சந்தை மூடி நின்னுதான்னு ஆண்டவனாலகூடச் சொல்ல முடியாது."

பாஷாவைக் கூப்பிட்டார்கள். மூவரும் கூடி யோசித்தார்கள். எடுத்த சந்தனத்தைத் திரும்ப வைப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. ஆனால் அறையில் சந்தனம் இல்லை. பூசைக்கு வாங்கியது அன்றே தீர்ந்துவிட்டது. கடைக்குப் போகலாமென்றால் சாலையைக் கடக்க முடியாதபடி காவடிகள் வந்துகொண்டிருந்தன. பாஷா மெதுவாக உதயாவின் தலையைப் பார்த்தார். துளசிங்கமும் பார்த்தார்.

"தம்பி, கொஞ்சம் குனிப்பா" என்றார் பாஷா.

உதயா கடமையுணர்ச்சி உள்ள பையன். குனிந்தான். துளசிங்கம் தம் விசிட்டிங் கார்டால் அவன் பிடரியிலிருந்து பக்தியோடு சந்தனத்தை வழித்து, பொந்துக்குள் அப்பி, கம்பியைச் சொருகினார். விலைகள் ஓடின. ஈரச் சந்தனத்துக்கு அவை முன்னைவிட வேகமாக ஓடியதாகக்கூடத் தோன்றியது.

"காயணும் அண்ணா" என்றார் பாஷா. "அன்னைக்கு ஒரு நாள் முழுக்கக் காஞ்சுதில்ல."

மேசை விசிறியைப் பெட்டியின் முதுகுக்குப் பின்னால் வைத்தார்கள். போதவில்லை. பெட்டியை மாடிக் கைப்பிடிச் சுவரில் வெயிலில் வைத்து, துளசிங்கம் ஒரு பக்கமும் பாஷா ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். கீழே போன பக்தர்களில் ஒருவர் அதன்மேல் வைத்திருந்த பொட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். மூன்று மணிக்கு உள்ளே கொண்டு வந்து சொருகினார்கள். மூன்று எட்டுக்கு ஒரு விலை தயங்கியது. மூன்று பத்துக்கு எல்லாம் நின்றன.

உதயா போனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பழுது சார்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. பாஷா துளசிங்கத்தின் முதுகில் தட்டினார். துளசிங்கத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு பழுதைப் பார்த்து இவ்வளவு நிம்மதி வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

உதயா பழுதுப் பட்டியலை எடுத்தான். மின்சாரம், இணைய இணைப்பு, தேதி நேரம், பழைய பதிப்பு, வைரஸ், நினைவகம், தூசி, ஈரம், எலி கடித்தல் என்று வரிசையாகப் பதினான்கு இருந்தன. எலி கடித்தல் இருந்தது. சந்தனம் இல்லை. எதில் குறிப்பது என்று கேட்க அவன் ராஜமாணிக்கத்துக்கே போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தான்.

"தூசின்னு போட்டுடட்டுமா சார்?"

"என்னப்பா பேசற? சாமிக்கு வச்ச சந்தனத்தை நம்ம நிறுவனம் தூசின்னு சொன்னதா நாளைக்கு வெளிய வந்தா என்ன ஆகும்?"

"இணைய இணைப்புன்னு?"

"இணைப்புத் துறை என்கிட்டதான் இருக்கு. என் துறைமேல நானே பழி போட முடியுமா?"

"அப்போ ஈரம் சார்?"

"காய்ஞ்சதாலதான் நின்னுதுன்னு நீதானே சொன்ன? நம்ம ஆவணத்துல பொய் எழுதறது எனக்குப் பிடிக்காது." சிறிது நேரம் அங்கே காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "பதினாலாவதைப் படி."

உதயா படித்தான். "பயனர்."

"அதான். அந்தச் சந்தனம் தானா வந்துதா? ஒருத்தர் வச்சாருல்ல? அந்த ஒருத்தர்தான் பழுது. எவ்வளவு சுலபமா முடிஞ்சுது பாரு. எல்லாப் பழுதும் கடைசியில மனுஷன்லதான் போய் முடியும். அதனாலதான் பட்டியல்லயும் கடைசியா வச்சிருக்கோம்."

போன் வைக்கப்பட்டது. துளசிங்கம் உதயாவைப் பார்த்தார்.

"பயனர்னா யாருபா?"

"நீங்கதான் சார்" என்றான் உதயா, தரையைப் பார்த்துக்கொண்டு. பிறகு தீர்வு என்ற தலைப்பில் இருந்ததைப் படித்தான். 'பயனரை மாற்றுக. பழைய பயனர் கணினியிலிருந்து முழுமையாக அகற்றப்பட்டதை உறுதிசெய்க.'

மணி மூன்று பதினெட்டு. மாற்றாவிட்டால் கிளை அரக்கோணத்துக்குப் போய்விடும். மாற்றினால் துளசிங்கம் போய்விடுவார். புதிய பயனர் கிளைக்காரரின் குடும்பத்தவராக இருக்கலாம், ஆனால் தர்ஷன் புரோவை அதற்குமுன் தொட்டிருக்கக் கூடாது என்று விதி. தொட்டவர்களால்தான் பழுது வருகிறது என்பது நிறுவனத்தின் அனுபவம்.

அந்த நேரத்தில் துளசிங்கத்தின் மனைவி அனுசுயா கூட்டத்தில் இடிபட்டு, சாப்பாட்டுக் கேரியரோடு படியேறி வந்தாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். கணினியைத் துணி போட்டு மூடியதற்குமேல் அதோடு அவளுக்கு எந்தச் சம்பந்தமும் கிடையாது. உதயா காகிதத்தை நீட்டினான்.

"இன்னாங்க இது? நீங்க இருக்கறப்ப நா எதுக்குங்க கையெழுத்து போடணும்?"

"நான் இருக்கறதுதான் ரிப்பேராம். போடு" என்றார் துளசிங்கம். கேரியரை வாங்கி மேசைமேல் வைத்தார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். மூன்று இருபத்தாறுக்குப் புகார் மூடப்பட்டது. சிவப்புப் பட்டை மறைந்தது. விலைகள் மட்டும் நின்றபடியே நின்றன.

"தம்பி, அந்தச் சந்தனத்த எடுத்துட்டுப் போறியா?" என்று பாஷா கேட்டார்.

"புகார் இல்லாத மெஷின்ல கை வைக்க எனக்கு அதிகாரம் இல்லீங்க. வேணும்னா புதுசா ஒரு புகார் கொடுங்க" என்று சொல்லிவிட்டு உதயா பஸ் பிடிக்க ஓடினான். அவன் பிடரியில் மட்டும் ஒரு விசிட்டிங் கார்டு அகலத்துக்குச் சந்தனம் இல்லாமல் இருந்தது. பாஷா பெருமூச்சு விட்டுக்கொண்டு ஊசியை எடுக்கக் கீழே போனார்.

திங்கட்கிழமை அனுசுயா நாற்காலியில் உட்கார்ந்தாள். துளசிங்கம் பெஞ்சில் உட்கார்ந்து எந்த விசையை எதற்கு அழுத்துவது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாற்காலி குடும்பத்தைவிட்டுப் போகவில்லை என்று இரண்டு நாளாகத் தமக்குத்தாமே சொல்லித் தேற்றிக்கொண்டிருந்தார். பள்ளிப்பட்டிலிருந்து மணியம்மை என்ற சத்துணவு அமைப்பாளர் தம் பங்குகளை விற்க வந்திருந்தார். கட்டுகிற வீட்டுக்கு மேல்தளம் போடுகிற நாளாம். அப்போது துளசிங்கத்தின் போன் அடித்தது. பிரேம்குமார்.

"வணக்கம் சார். புகார் மூடின பிறகு திருப்தியைக் கேட்கிற அழைப்பு இது. உங்க கிளையில இருந்த பழுது நீக்கப்பட்டுடுச்சா?"

"வெல நல்லா ஓடுதுங்க."

"விலையைக் கேட்கல சார். எங்க ரெக்கார்டுல பழுது துளசிங்கம்னு இருக்கு. அது நீங்கிடுச்சா?"

"தம்பி, நான்தான்பா துளசிங்கம் பேசறது."

எதிர்முனையில் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "பழுதே போனை எடுத்தா என்ன கேட்கணும்னு கையேட்டுல இல்ல சார். இருக்கிறதை நான் கேட்டுடறேன். பழுது இப்போ கிளைக்குள்ள இருக்கா, இல்லையா? இருக்குன்னு சொன்னா புகார் தானா திறந்துக்கும். பத்து நாள் கணக்கு, விட்ட இடத்துலேர்ந்து ஓடும். சொல்லுங்க சார்."

துளசிங்கம் நாற்காலியைப் பார்த்தார். அனுசுயா ஒற்றை விரலை நீட்டியபடி, அவர் சொல்லப்போகிற விசைக்காகக் காத்திருந்தாள். பொய் சொல்ல அவருக்கு வராது. "ஒரு நிமிஷங்க" என்று சொல்லி எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். பாஷாவின் கடையைத் தாண்டி, சாலையில் கால் வைத்த பிறகுதான் பேசினார்.

"இல்லீங்க. இப்ப உள்ள இல்ல."

"ரொம்ப நன்றி சார். ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் எவ்வளவு திருப்தி?"

"அஞ்சு."

"பழுது மறுபடி உள்ளே வந்தா உடனே எங்களுக்குத் தெரிவிக்கணும் சார். அது பயனரோட கடமை."

"தெரிவிக்கறேங்க" என்று சொல்லி வைத்தார்.

மாடிக் கைப்பிடிச் சுவருக்குமேல் அனுசுயாவின் தலை தெரிந்தது.

"இன்னாங்க, இந்தம்மாவுக்கு விக்கணுமாம். எத அழுத்தணும்?"

"எஃப் டூ" என்று துளசிங்கம் சாலையிலிருந்து சொன்னார். ஒரு லாரி போனது. அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அங்கேர்ந்து எதுக்கு கத்திகினு இருக்கீங்க? மேல வந்து சொல்லுங்களேன்."

துளசிங்கம் பழக்கத்தில் மாடிப்படி வரை வந்து, முதல் படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டார்.

"வரக் கூடாது அனுசுயா" என்றார். "நான் வந்தா, வந்துட்டேன்னு நானே போன் பண்ணிச் சொல்லணும்."